ஃபிளாப்பி போடும் கீபோர்டோடு குடும்பம் நடத்துவது எப்படி?

இந்த வழிகாட்டி பியானோ வைத்திருப்பவர்களுக்கு இல்லை. சிந்தசைசரை வைத்துக்கொண்டு ஒரே ஸ்வரத்தை அரை மணி நேரம் திருகித் திருகிக் கேட்பவர்களுக்கும் இல்லை. இடது கையில் ஒரு கார்ட் பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிடார், ஸ்டிரிங்ஸ் எல்லாம் தாமாகவே கிளம்பி வருமே, அந்த அரேஞ்சர் கீபோர்டில் இருபது, இருபத்தைந்து வருஷப் பழசு ஒன்றை விற்க மனசில்லாமலும் வைக்க இடமில்லாமலும் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருப்பவர்களுக்கு மட்டும். யமஹா பிஎஸ்ஆர்-2000, கோர்க் ஐ3, ரோலண்ட் ஈ வரிசை, டெக்னிக்ஸ் கேஎன் வரிசை, எதுவாக இருந்தாலும் சரி. வயசான பிறகு வியாதிகள் பொது.

இன்னும் வாங்காதவர்கள் முதலில் வாருங்கள். பழைய கார் விற்பவர் ‘டாக்டர் வெச்சிருந்த வண்டி’ என்பதுபோல, பழைய கீபோர்டு விற்பவர் ‘சர்ச்சுல மட்டும்தான் சார் வாசிச்சது’ என்பார். உடனே நம்பிவிடுங்கள். ஞாயிறு இரண்டு ஆராதனை, வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் குழு ஒத்திகை, டிசம்பர் பிறந்தால் திறந்த வேனில் பனியில் நனைந்தபடி விடிய விடிய கேரல் ரவுண்ட்ஸ். கல்யாணக் கச்சேரிக்காரரின் பெட்டிக்காவது அந்த மாதம் மார்கழி என்று ஓய்வு கிடைக்கும்.

விற்பவர் அடுத்து டெமோ பட்டனை அழுத்துவார். பித்தளை வாத்தியங்கள் முழங்கும், வயலின்கள் அலை அலையாக எழும், உங்களுக்குக் கண் கலங்கும். டெமோ என்பது பெட்டிக்குள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பாட்டு. வெளியே இருக்கும் கட்டைகளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 61 கட்டைகளில் 40 செத்துக் கிடந்தாலும் டெமோ ஒரு பிசிறில்லாமல் ஒலிக்கும். ஆகவே டெமோவைக் கேளுங்கள், பணத்தைக் கொடுங்கள், ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கட்டைகளைச் சோதியுங்கள். கடையிலேயே நின்று கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒருமுறை, ஓங்கி ஒருமுறை அழுத்திப் பார்க்கும் சந்தேகப் பிராணிகளும் உண்டு. அவர்கள் நல்ல கீபோர்டாகப் பார்த்து வாங்கிவிடுவதால் இந்தக் கட்டுரை அவர்களுக்குப் பயன்படாது.

வீட்டுக்கு வந்ததும் தெரியும், ஏதோ ஒரு கட்டை மட்டும் தொட்டாலே அலறுகிறது என்று. தாலாட்டு வாசித்துக்கொண்டிருப்பீர்கள், அந்த ஒரு ஸ்வரம் மட்டும் வீட்டு ஓனரைக் கூப்பிடும். காரணம் எளிது. ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ரப்பர் குமிழ் ஒன்றில் இரண்டு கார்பன் பொட்டுகள் இருக்கின்றன. கட்டை இறங்கும்போது ஒன்று முதலில் தொடும், மற்றது அடுத்துத் தொடும். நீங்கள் மெதுவாக அழுத்தினீர்களா ஓங்கி அடித்தீர்களா என்பதை அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்துதான் பெட்டி தீர்மானிக்கிறது. தூசி படிந்து முதல் பொட்டு தாமதித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொட்டதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும். அதன் கணக்குப்படி நீங்கள் சம்மட்டியால் அடித்திருக்கிறீர்கள்.

இதைச் சரிசெய்ய நம்மூரில் நெடுங்காலமாகப் புழங்கும் முறை, இடுக்கு வழியாகத் தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விடுவது. விட்டால் அலறல் அடங்கும். கட்டையும் அடங்கும். பக்கத்துக் கட்டைகளும் துணைக்குப் போகும். வேறு வழியும் உண்டு: பெட்டியைக் கவிழ்த்து, ஸ்குரூ எல்லாம் கழற்றி, ரப்பர் பட்டையை எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பொட்டுகளையும் போர்டையும் லேசாகத் துடைத்து, உலரவிட்டு மாட்டுவது. ரப்பர் பட்டையின் சின்னக் காம்புகளைத் துளைகளுக்குள் பல்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தி இறக்க வேண்டும். ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் இதுவரை ஒழுங்காக இருந்த கட்டை அலற ஆரம்பிக்கும். ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே நீளம் என்று நினைத்து ஒரே கிண்ணத்தில் போட்டுவிடுங்கள். மறுபடி மூடும்போது பொழுது போகும். உள்ளே கரப்பான் பூச்சி இருந்தால் பதற வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கதகதப்பாக இருப்பதால் உங்களுக்கு முந்தின ஓனரின் காலத்திலிருந்தே அவை குடித்தனம் செய்கின்றன.

ஆனால் அனுபவஸ்தர்கள் யாரும் பெட்டியைத் திறப்பதில்லை. கெட்ட கட்டை எஃப் ஷார்ப் என்றால் எஃப் ஷார்ப் வராத ஸ்கேலில் வாசிப்பார்கள். அதற்கென்றே கடவுள் டிரான்ஸ்போஸ் பட்டனைப் படைத்திருக்கிறார். நமது மெல்லிசை உலகில் உலகத்து ஸ்கேல்கள் அனைத்தையும் சி-யில் கைவைத்தே வாசித்துவிடும் மேதைகள் பலர் உண்டு. பாடகி மைக்கை மூடிக்கொண்டு, “அண்ணே, அஞ்சரைக் கட்டை” என்பார். ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப். மாஸ்டர் அசராமல் டிரான்ஸ்போஸை நாலு படி இறக்கிவிட்டு, கையை சி-யிலேயே வைத்துக்கொள்வார். பழைய கீபோர்டு ஒன்றைப் பார்த்ததும் அதன் ஓனர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம். வெள்ளைக் கட்டைகள் பழுப்பேறி வழுவழுவென்று ஆகியிருக்கும். கறுப்புக் கட்டைகள் கடையில் வாங்கின மாதிரியே பளபளக்கும்.

டிரான்ஸ்போஸ் போட்டால் பாட்டு முடிந்ததும் அதை மறந்துவிடுவது முறை. அடுத்து வருகிறவர் ஒரு கட்டையில், அதாவது சி-யில் பாடும் ஆண் பாடகர். நீங்கள் சி-யில்தான் வாசிக்கிறீர்கள். ஒலிப்பது ஜி ஷார்ப். புல்லாங்குழல்காரர் திரும்பிப் பார்ப்பார். நீங்கள் தபேலாக்காரரைத் திரும்பிப் பாருங்கள். அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு தபேலாவைத் தட்டிச் சரிசெய்வார். தவறு யாருடையது என்பது மேடையில் முதலில் திரும்பிப் பார்ப்பவரைப் பொறுத்தது.

இனி ஸ்டைல். பழைய அரேஞ்சர்களின் ஸ்டைல்களை எழுதியவர்கள் ஐரோப்பியச் சந்தையை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். போல்கா உண்டு, ஜெர்மன் வால்ட்ஸ் உண்டு, டரன்டெல்லா உண்டு, சா-சா-சா உண்டு. டப்பாங்குத்து கிடையாது. இதனால் தமிழ்நாட்டுக்கு ஏற்பட்ட நஷ்டம் ஒன்றுமில்லை. சிக்ஸ்-எயிட் மார்ச்சின் வேகத்தை ஏற்றினால் கோயில் கொடைக்கு ஆயிற்று. இறக்கி, ஆர்கன் டோன் போட்டால் கீர்த்தனைக்கு ஆயிற்று. ஸ்லோ ராக்கில் ஒப்பாரி வைக்கலாம். இத்தாலியக் கிராமத்தில் சிலந்தி கடித்தவன் ஆடுவதாகச் சொல்லப்படும் டரன்டெல்லாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் எத்தனை பெண்கள் கும்மியடித்திருக்கிறார்கள் என்பது அதை எழுதிய யமஹாக்காரருக்குத் தெரியாது.

தெரியாமல் போவதில் அவருக்குத் துணை உண்டு. 1981-இல் வெளிவந்த கேசியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டில் ‘ராக்’ என்று ஒரு ரிதம் இருந்தது. அதை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா. அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தவர். 1985-இல் ஜமைக்காவில் வெய்ன் ஸ்மித் பாடிய ‘அண்டர் மீ ஸ்லெங் டெங்’ முழுக்க அந்த ஒரு ரிதத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்தத் தீவின் இசையே அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டது. பெரிய பெரிய அரேஞ்சர்களில் இருநூறு, முந்நூறு ஸ்டைல் வந்த பிறகு யாரும் எதையும் திருப்பியதாகத் தெரியவில்லை. எல்லோரும் அடுத்த ஸ்டைலைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மிஸ்ர சாபுவில் ஒரு பாட்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டைல் கிரியேட்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் சொந்தமாக ரிதம் எழுதலாம். தபேலா இல்லாத மாடலில் காங்காவையும் போங்கோவையும் வைத்து ஏறக்குறைய தபேலா மாதிரி ஒன்றை ராத்திரி முழுக்க உட்கார்ந்து உருவாக்கியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். இந்த வேலையைப் பற்றி நான் கிண்டலாக எதுவும் எழுதப்போவதில்லை. பின்னால் தபேலாவும் தம்புராவும் வைத்து பிஎஸ்ஆர்-ஐ425 போன்ற இந்திய மாடல்கள் வந்தன. அதற்கு முன்பே நம் ஆட்கள் அதைக் கையால் செய்து முடித்திருந்தார்கள். ஒன்று மட்டும் கவனம்: நீங்கள் எழுதிய ரிதத்தை ஆக்டோபேட் வாசிக்கும் தம்பியிடம் போட்டுக் காட்டாதீர்கள். கேட்டுவிட்டு, “நல்லாருக்கு மாஸ்டர், அப்ப நாளைலேர்ந்து நான் வரவேணாமா?” என்பார். மறுநாள் வருவார். வந்து, உங்கள் ரிதத்தின் மேலேயே வாசிப்பார்.

கச்சேரி நடுவே எண்டிங் பட்டனைப் பற்றிக் கவனமாக இருங்கள். மெயின் ஏ, பி, சி, டி எதை அழுத்தினாலும் ஒரு ஃபில் அடித்துவிட்டு அந்தப் பக்கம் போகும், ஆபத்தில்லை. எண்டிங்கை அழுத்திவிட்டால் மட்டும் பெட்டிக்குக் கிளம்புகிற அவசரம் வந்துவிடும். பாடகர் கடைசிப் பல்லவியை இன்னொரு தரம் எடுக்க ஆசைப்பட்டிருப்பார். பெட்டி தன் பாட்டுக்கு நாலு பார் முடிவிசை வாசித்து, சிம்பலை ஒரு தட்டுத் தட்டி, நின்றுவிடும். முடிவிசை ஓடும்போதே எண்டிங்கை இன்னொரு தரம் அழுத்தினால் வேகம் மெல்ல மெல்லக் குறைந்து ராஜ மரியாதையோடு முடியும். பாடகரை மேலும் கொஞ்ச நேரம் தவிக்கவிட விரும்புகிறவர்களுக்கு இந்த வசதி.

ஃபிளாப்பியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்றரை அங்குலத் தட்டு, கொள்ளளவு 1.44 எம்பி. இன்று ஒரு போட்டோவுக்குப் போதாத அந்த இடத்தில் உங்கள் தொழில் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது: சொந்த ஸ்டைல்கள், ரெஜிஸ்ட்ரேஷன்கள், பக்திப் பாட்டுக்கு ஒரு தட்டு, ரிசப்ஷனுக்கு ஒரு தட்டு. ஒரு பாட்டுக்கு எந்த டோன், எந்த ஸ்டைல், என்ன வேகம், டிரான்ஸ்போஸ் எவ்வளவு என்பதையெல்லாம் ரெஜிஸ்ட்ரேஷன் ஒரே பட்டனில் கொண்டுவரும். அந்த ஸ்டைல் இருக்கும் தட்டு உள்ளே இருந்தால். தட்டு வீட்டில் டிவி மேல் இருந்தால் நீங்கள் சொந்தத் திறமையில் வாசிக்க வேண்டியிருக்கும். அதற்காகவா கீபோர்டு வாங்கினோம்?

கடலோர ஊர்க்காரர்களின் ஃபிளாப்பியில் பூஞ்சை பிடிக்கும். அதைப் போட்டால் டிரைவின் ஹெட் அழுக்காகும்; அழுக்கான ஹெட் அடுத்து வரும் நல்ல தட்டையும் கெடுக்கும். ஒரு தட்டு படிக்கவில்லை என்றால் உடனே இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள், பிறகு இன்னொன்றை. பெட்டியிலுள்ள எல்லாத் தட்டுகளையும் சமத்துவமாக நடத்திய திருப்தி கிடைக்கும். புதுத் தட்டு வாங்கலாம் என்றால், ஃபிளாப்பிச் சந்தையின் பெரும்பங்கைக் கையில் வைத்திருந்த சோனியே 2011 மார்ச்சோடு ஜப்பானில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. இப்போது கிடைப்பதெல்லாம் யாரோ ஒருவருடைய பழைய ஆபீஸ் கணக்கு.

இதற்கு மாற்றாக கோடெக் என்று ஒன்று வந்திருக்கிறது. ஃபிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு அதே பொந்தில் இதைப் பொருத்தினால், பென் டிரைவைச் செருகி அதையே நூற்றுக்கணக்கான ஃபிளாப்பிகளாகப் பெட்டியை நம்பவைக்கலாம். சில கீபோர்டுகளின் டிரைவுக்கு 34 பின் கேபிள், சிலவற்றுக்கு 26 பின். மாற்றி வாங்குவது மரபு. பொருத்திய பிறகு முகப்பில் எண் மட்டும் தெரியும். 017-இல் இருப்பது கல்யாணமா, கல்லறைத் திருநாளா? அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுவீர்கள். ஃபிளாப்பியாக இருந்தபோது லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்ததைப் பார்த்து நோட்டில் எழுதுவீர்கள். நோட்டைத் தொலைப்பீர்கள்.

மின்சாரம். பழைய கேசியோக்கள் பலவற்றின் அடாப்டரில் நடுமுனை நெகட்டிவ். யமஹாவில் நடுமுனை பாசிட்டிவ். பிளக் பார்க்க ஒரே மாதிரி இருப்பதாலும், அவசரத்துக்குக் கையில் கிடைப்பது மைத்துனரின் கேசியோ அடாப்டராக இருப்பதாலும், இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறுவதற்குள் சில நொடிகள் இருட்டு. கரண்ட் வந்ததும் ட்யூப்லைட் வரும், ஃபேன் வரும், உங்கள் பெட்டி மட்டும் நிதானமாகக் கண் விழித்து, கம்பெனிப் பெயரைத் திரையில் காட்டி, கிராண்ட் பியானோவும் ஏதோ ஒரு எயிட் பீட்டுமாக வந்து நிற்கும், இந்தக் குடும்பத்தை இப்போதுதான் பார்ப்பதுபோல. அந்த இடைவெளியில் பாடகி வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடி முடித்து, அன்றைக்கே பெரிய கைத்தட்டலை வாங்கியிருப்பார். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

யமஹாவின் பல மாடல்களில் வலது கோடி வெள்ளைக் கட்டையை அமுக்கிக்கொண்டு ஆன் செய்தால் சேமித்து வைத்த அமைப்புகள் அழிந்து தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். கையேட்டின் பின்பக்கங்களில் இருக்கும் இந்தத் தகவல் பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வரும் நான்கு வயதுக் குழந்தை, நீங்கள் சுவிட்சைப் போடும் அந்த நொடியில், 61 கட்டைகளில் மிகச் சரியாக அந்தக் கட்டையின் மேல் முழங்கையை ஊன்றியிருக்கும். “பரவால்ல அண்ணி, பாப்பாதானே” என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். சில மாடல்களில் நினைவைக் காப்பது நாணய வடிவ பேட்டரி ஒன்று. அது தீர்ந்தால் குழந்தைகூடத் தேவையில்லை.

திரை மங்குவதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். முதலில் சாய்ந்து பார்ப்பீர்கள், அப்புறம் செல்போன் டார்ச் அடிப்பீர்கள். ஒரு வருஷத்தில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். மெனுவில் ரெண்டு தரம் கீழே, ஒரு தரம் வலது, அழுத்து. திரையே பார்க்காமல் வேலை செய்யும் உங்களைப் பார்த்து ஊர் வியக்கும். ரிச்சி தெருவில் சர்வீஸ் பார்க்கும் அண்ணாச்சி மட்டும் வியக்க மாட்டார். பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு டிஸ்ப்ளே வராது. இதே மாடல்ல செத்தது ஒண்ணு கெடைச்சா சொல்றேன்” என்பார். இந்தத் துறையில் உறுப்பு தானம் மட்டும்தான் மருத்துவம். உங்கள் பெட்டியைப் பற்றியும் அவர் வேறொருவரிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

புதிதாக ஒன்று வாங்கச் சொல்லி மகன் நச்சரிப்பான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2017-இல் யமஹா ஜீனோஸ் வந்தது, 2019-இல் பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900 வந்தது. நிஜமான வயலின் எது, பெட்டி எது என்று பிரிக்க முடியாத ஒலி. உங்கள் பழைய பெட்டி சிங்கப்பூரிலிருந்து சித்தப்பாவின் லக்கேஜில், போர்வையில் சுற்றி வந்தது. இப்போது யமஹா சென்னைக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை போட்டு 2019 முதல் சின்னக் கீபோர்டுகளை இங்கேயே செய்கிறது. பழைய ஸ்டைல்களைப் புதிய பெட்டி திறக்கும். ஆனால் கேட்டால் உங்கள் ஸ்டைலாக இருக்காது. நீங்கள் காங்காவையும் போங்கோவையும் அளவு பார்த்துப் பார்த்துக் கலந்தது அந்தப் பழைய ஒலிகளுக்காக. புதிய பெட்டியின் காங்கா அதைவிட ரொம்ப நல்ல காங்கா, ஆகவே அதில் தபேலா கேட்காது.

எப்படியும் மேடையில் இப்போது யாருக்கும் கீபோர்டே வேண்டியதில்லை. பாடகர் செல்போனில் டிராக்கோடு வருகிறார். டிராக்குக்கு ஐந்தரைக் கட்டை என்றால் ஐந்தரைக் கட்டைதான், எண்டிங் தவறாது, கரண்ட் போனாலும் பேட்டரி உண்டு. பாடகர் ஒரு சரணத்தை மறந்து இரண்டு வரி முன்னால் தாவினால் மட்டும் அது கூடவே தாவாது. அந்த ஒரு காரணத்துக்காக உங்களை மேடையில் ஓரமாக உட்காரவைத்திருப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு விற்பது என்று முடிவெடுத்தால் முறையாக விற்கவும். வாங்க வருகிறவர் இருபது வயசுப் பையனாக இருப்பார், கூட அப்பா வந்திருப்பார். டெமோ போட்டுக் காட்டாதீர்கள். அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்த எஃப் ஷார்ப்பை மட்டும் பூப்போல அழுத்தணும் தம்பி. வால்யூம் கரகரத்தால் நாலு தரம் மேலும் கீழும் தள்ளு. திரைக்கு இடது பக்கமாகச் சாய்ந்து பார். 017-இல் இருப்பதை அழித்துவிடாதே. இதைச் சொல்லிக்கொண்டே ஒரு பாட்டு வாசித்துக் காட்டுங்கள், அப்புறம் இன்னொன்று. காபி வரும், போகும். பையனின் அப்பா மணி பார்ப்பார். அவர்கள் கிளம்பிய பின் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வீட்டில் கேட்டால் விலை படியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன விலை என்ன, அவர் தருவதாகச் சொன்ன விலை என்ன என்ற விவரத்துக்குள் போக வேண்டாம். இரண்டும் ஒன்றுதான்.